பனிக்குப் பல் உண்டா?

மலை தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

சர்ச்சுப் பள்ளிக்கூடத்தின் மேற்குச் சுவரில் இரண்டு வெள்ளை வேட்டிகளைச் சேர்த்துத் தைத்து ஆணியில் மாட்டியிருந்தார்கள். அதன்மேல், கண்ணாடிப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் மாஜிக் லாந்தரின் வெளிச்சம் விழுந்தது. உலகத்திலேயே உயரமான மலைகளில் ஒன்று, உச்சி தரையைப் பார்க்க, அடிவாரம் கூரையைப் பார்க்க, கறவைப் பசுவின் மடிபோலத் தெரிந்தது. பங்குனி மாதம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், நடுவில் லாந்தருக்குள் எரியும் கார்பைட் நாற்றம். ஊரே பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டு அந்த வெள்ளை மலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

“இப்பிடி இருந்தா ஏறாண்டாமே. கால் தவறி விழுந்தாலே உச்சிதான்” என்றாள் என் அம்மை.

அம்மைக்கு மெதுவாகப் பேசத் தெரியாது. முதலில் பெண்கள் பக்கம் சிரித்தது. பிறகு ஆண்கள் பக்கம் சிரித்தது. படம் காட்ட வந்திருந்த வெள்ளைக்காரத் துரையும் ஒன்றும் புரியாமல் மரியாதைக்குச் சிரித்துவைத்தார். சிரிக்காத ஒரே ஆள், வேட்டிக்குப் பக்கத்தில் விறைப்பாக நின்றுகொண்டிருந்த என் வீட்டுக்காரர். அவர் லாந்தர்க்காரனிடம் ஓடினார்.

“ஏலே, கண்ணாடியத் திருப்பிப் போடு.”

லாந்தர்க்காரன் தலையைச் சொறிந்தான். “எது மேல, எது கீழன்னு எனக்கு எப்பிடி சாரே தெரியும்? ரெண்டு பக்கமும் வெள்ளையாத்தானே இருக்கு?”

அந்த மலைக்குத்தான் என் வீட்டுக்காரர் போகப் பார்த்தார். நான் அப்போது மாசமாக இருந்தேன், தலைப்பிள்ளை. அவரைக் கூட்டிக்கொண்டு போவதா வேண்டாமா என்பதைக் கூட்டம் முடிந்ததும் துரை சொல்லிவிடுவார். இது எங்கள் வீட்டுக்கும் எங்கள் சர்ச்சு பாஸ்டர் ஐயருக்கும் மட்டும் தெரியும். மற்றவர்கள் படம் பார்க்க வந்தவர்கள்.

தென்னைமரத்துக்கு மேலே

போன வாரம் இதே பத்திரிகையில், எங்கள் கல்யாணப் பந்தியில் ரசம் தீர்ந்துபோன கதையை எழுதியதற்கு என் நாத்தனார் இன்னும் என்னோடு பேசவில்லை. அவள் தம்பியைப் பற்றி இந்த வாரம் எழுதுவதைப் படித்தால் பேசவே மாட்டாள். என்ன செய்ய? உள்ளதை எழுதத்தானே உட்கார்ந்திருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஞானசிகாமணி ஆண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தினார். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்கு டீச்சர். ஊரில் அவருக்குப் பெயர் ‘சார்’. எனக்குப் பெயர் ‘சாருக்கப் பொண்டாட்டி’. நானும் இங்கிலீஷ் படித்தவள், நானும் சம்பளம் வாங்குகிறவள் என்பதெல்லாம் ஊருக்குப் பொருட்டில்லை.

எங்கள் பக்கம் எல்லாமே தட்டை. சுசீந்திரம் கோபுரத்தையும் ஒரே ஒரு குன்றையும் விட்டால் வயல், வயலுக்கு அப்பால் வயல், அதற்கப்பால் கடல். நாஞ்சில் நாட்டுக்காரனுக்கு உயரம் என்றால் தென்னைமரம். அதிலும் அவனாக ஏறமாட்டான், ஆள் வைத்து ஏறுவான். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த மனிதருக்கு இந்தப் பித்து எப்படிப் பிடித்தது என்று கேட்டால், பேப்பரில் பிடித்தது.

எங்கள் கல்யாணத்துக்குச் சில வருஷங்களுக்கு முன்னால், இரண்டு வெள்ளைக்காரர்கள் உலகத்திலேயே ஆக உயரமான மலையின் உச்சிக்குக் கிட்டத்தில் மேகத்துக்குள் போனார்கள், போனவர்கள் போனவர்கள்தான் என்று செய்தி வந்திருக்கிறது. படித்த எல்லாரும் உச்சுக்கொட்டிவிட்டுப் பக்கத்தைத் திருப்பினார்கள். இவர் மட்டும் திருப்பவில்லை. கல்யாணமாகி நான் வந்த பிறகும் அதே பக்கத்தில்தான் இருந்தார்.

சாப்பிட உட்காருவார். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்பார்: “எஸ்தர், அவிய ஏறி முடிச்சிட்டுச் செத்தாவளா, ஏறாமலே செத்தாவளா?”

“செத்த பெறவு அதுல என்ன அத்தான்?”

“அதுலதான் எல்லாம் கெடக்கு” என்பார். ரசம் ஆறிப்போகும்.

எனக்குச் சக்களத்தி வாய்த்திருந்தால் அவள் தலைமுடியைப் பிடித்து ஒரு கை பார்த்திருப்பேன். இவருக்கு வாய்த்தது மலை. அதற்குத் தலைமுடி கிடையாது.

இமயத்தின் துண்டு

இந்தப் பித்தை இன்னும் கொஞ்சம் ஏற்றிவிட்டவர் கோலப்ப பிள்ளை வைத்தியர். சுசீந்திரத்துக்காரர், விஷக்கடி வைத்தியத்தில் பேர்போனவர். பாம்போ தேளோ கடித்தால் எட்டு ஊர்க்காரர்களும் அவர் வீட்டுக்குத்தான் ஓடுவார்கள். பச்சிலை பறிக்க மாதாமாதம் மருந்துவாழ்மலைக்கு ஏறுவார். என் வீட்டுக்காரரும் பயிற்சி என்று சொல்லி, ஒரு சாக்கில் ஆற்றுமணலை நிரப்பி முதுகில் கட்டிக்கொண்டு அவர் பின்னால் ஏறுவார்.

மருந்துவாழ்மலையைப் பற்றி எங்கள் பக்கம் எல்லாருக்கும் தெரிந்த கதை ஒன்று உண்டு. இமயத்திலிருந்து சஞ்சீவி மலையை வானத்தில் தூக்கிக்கொண்டு போனபோது அதிலிருந்து உதிர்ந்து விழுந்த துண்டாம் அது. நாங்கள் கிறிஸ்தவர்கள். ஆனாலும் வீட்டுக்குப் பக்கத்தில் இமயத்தின் துண்டு கிடக்கிறது என்று சொல்லிக்கொள்ள யாருக்குக் கசக்கும்?

“சாரே, நீரு எதுக்குவே அம்புட்டுத் தூரம் போகணும்? அங்கேருந்து வந்த மலையாக்கும் இது. இதுல ஏறினா இமயத்துல ஏறினதுக்குச் சமம்” என்றார் வைத்தியர் ஒருநாள், எங்கள் வீட்டு முற்றத்தில் மோர் குடித்துக்கொண்டு.

“உயரம் காணாதே, வைத்தியரே.”

“உயரம் அங்கேயே நின்னுட்டு, மருந்து இங்க வந்துட்டு. உமக்கு மருந்து வேணுமா, உயரம் வேணுமா?”

“உயரம்தான்.”

“அப்பம் உமக்கு மருந்தும் வேணும்” என்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார் வைத்தியர்.

ஒரு தடவை என் வீட்டுக்காரர் சாக்கு மணலோடு உச்சிவரை போய்விட்டார். இறங்கும்போது குரங்குகள் கட்டுச்சோற்றைப் பறித்துக்கொண்டன, காலில் முள் ஏறிவிட்டது, வேட்டி பாதியாகிவிட்டது. வீடு வந்து சேர்ந்தவரின் முகத்தில் இருந்த சிரிப்பை, எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை.

இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். நாகர்கோவிலில் ஒரு பெரிய வியாபாரி வீட்டுக் கல்யாணத்துக்குத் திருவனந்தபுரத்திலிருந்து பஸ்ஸில் ஐஸ்கட்டி வந்திறங்கியது. சோடாவுக்குள் போடுவதற்கு. உமிக்குள் பொதிந்து, சாக்கு சுற்றி, பிரேதம் மாதிரி தூக்கிக்கொண்டு போனார்களாம். இவர் கல்யாணப் பந்தியை விட்டுவிட்டு அந்த ஐஸிலே ஒரு துண்டைக் கெஞ்சி வாங்கினார். தோளில் கிடந்த துண்டில் முடிந்துகொண்டு வெயிலில் ஓட்டமும் நடையுமாக வந்தார். வீட்டுக்குள் நுழையும்போது சட்டை நனைந்திருந்தது. முடிச்சுக்குள் இருந்தது கொட்டைப்பாக்கு அளவு.

“கையை நீட்டு எஸ்தர், சீக்கிரம்!”

நீட்டினேன். சுட்டது. சத்தியமாகச் சுட்டது. குளிர் இப்படிச் சுடும் என்று எனக்கு அன்றுவரை தெரியாது. “பாத்தியா! மலை முழுக்க இதுதான்” என்றார். கண்ணெல்லாம் மின்னியது.

பேறுகாலம் பார்க்க வந்திருந்த அம்மை எட்டிப் பார்த்தாள். என் உள்ளங்கையிலிருந்து அதை லாகவமாக எடுத்தாள், மோர்ச் செம்புக்குள் போட்டாள், ஒரு ஆட்டு ஆட்டினாள், அவரிடம் நீட்டினாள்.

“குடியுங்க மாப்பிளே. ஆசை அடங்கட்டும்.”

பாவம், குடித்தார். நல்லா இருக்கிறது என்று வேறு சொன்னார்.

தாகம்

துரைக்கு வருகிறேன். அவர் ராணுவத்தில் இருந்தவர். மலையோரத்து எஸ்டேட் ஒன்றில் தன் உறவினரோடு தங்கியிருந்தார். வடக்கே உலகத்திலேயே மூன்றாவதோ நாலாவதோ உயரமான மலையில் ஏறப் போய், உச்சியைப் பார்க்காமலே இறங்கியவர். அந்த மலையின் பெயரை அவர் சொன்னார், நாங்களும் சொல்லிப் பார்த்தோம், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக வந்தது. பள்ளிக்கூடக் கூரைக்கு உதவியாக ஒரு படக்கூட்டம் நடத்தித் தருவதாக அவர் பாஸ்டர் ஐயரிடம் ஒத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய ஆட்கள் மறுபடியும் அந்த மலைக்குப் போகிறார்கள், அடிவாரத்துக் கூடாரத்தில் சாமான்களைப் பார்த்துக்கொள்ள இங்கிலீஷ் தெரிந்த, மலைமேல் பிரியமுள்ள ஆள் வேண்டும் என்று ஐயர் வாயால் வந்த சேதி எங்கள் வீட்டுக்குள் இடிபோல விழுந்தது. இவர் உடனே தன்னைப் பற்றிச் சொல்லி அனுப்பினார். “முதலில் என் பேச்சை மொழிபெயர்க்கட்டும், பிறகு பேசுவோம்” என்று துரை பதில் சொல்லி அனுப்பினார்.

மொழிபெயர்ப்பில் இவரை அசைக்க முடியாது. எந்த மிஷனரி வந்தாலும் இவர்தான் பக்கத்தில் நிற்பார். ஒரு சொல் கூட்டமாட்டார், ஒரு சொல் குறைக்கமாட்டார். ஒரு லெந்துக் காலத்தில், ஈஸ்டருக்கு முந்தின உபவாச நாட்களில், வெள்ளைக்கார போதகர் ஒருவர் உருக்கமாகப் பிரசங்கித்துக்கொண்டிருந்தார். நடுவே தொண்டை கட்டிக்கொண்டது. இவர் பக்கம் திரும்பி, தாகமாக இருக்கிறது, தண்ணீர் கிடைக்குமா என்று மெதுவாகக் கேட்டார். இவரோ சபையைப் பார்த்து, அதே உருக்கத்தோடு, “எனக்குத் தாகமாயிருக்கிறது!” என்று முழங்கினார். பெண்களுக்குச் சிலுவையில் ஆண்டவர் சொன்ன வார்த்தை நினைவு வந்துவிட்டது. பக்கத்துக்குப் பக்கம் தேம்பல். போதகருக்குக் கடைசிவரை தண்ணீர் வரவில்லை.

“நீங்க ஏன் அதையும் சொன்னிய?” என்று நான் கேட்டபோது, “அவிய வாயிலேருந்து வந்ததை மறைக்க நான் யாரு?” என்றார்.

ஆக, வேலை கிடைத்துவிடும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அம்மைக்கும் இல்லை.

“வடக்கத்தி ஆளுவட்ட இவரு எந்தப் பாஷையில பேசுவாரு? ஒரு வருசமாவது ஆவாதா திரும்பி வர? ஏட்டி, வாயத் தொறந்து போவாண்டாம்னு சொல்லேன்” என்று என்னைப் பிடுங்கியெடுத்தாள்.

நான் சொல்லவில்லை. ‘படித்த பெண்டாட்டி, தடுக்கமாட்டாள்’ என்று அவர் சிநேகிதர்களிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார். அந்தப் பெருமையைக் காப்பாற்றிக்கொண்டு, “உங்க இஷ்டம் அத்தான்” என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டுக் கிணற்றடியில் போய், வாளியைத் தண்ணீருக்குள் தடாலென்று போட்டேன். கயிறும் கூடவே போய்விட்டது.

தேங்காயெண்ணெய் மலை

கண்ணாடியைத் திருப்பிப் போட்டார்கள். மலை நிமிர்ந்தது. துரை பேச ஆரம்பித்தார், இவர் தமிழாக்க ஆரம்பித்தார். “இந்த மலை முழுவதும் பனியால் மூடப்பட்டிருக்கிறது.”

“மார்கழிப் பனியா?” என்று ஆண்கள் பக்கமிருந்து ஒரு குரல்.

எங்கள் ஊரில் பனி என்றால் விடியற்காலையில் புல்லில் நிற்பது, வெயில் வந்தால் போய்விடுவது. இவர் கொஞ்சம் தடுமாறினார். “இது உறைஞ்ச பனி.”

“உறைஞ்சதுன்னா?”

இவர் கூரையைப் பார்த்தார். கூட்டத்தில் ஐஸ்கட்டியைப் பார்த்தவர்கள் இருந்தால் ஒருவரோ இருவரோ இருக்கலாம். கடைசியில், “தேங்காயெண்ணெய் குளிருல உறையும் இல்லா? அதுபோல” என்றார்.

கூட்டம் முழுவதும் “ஓ!” என்றது. அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் சாகும்வரை நம்பியது இதுதான்: வடக்கே உலகத்திலேயே பெரிய மலை ஒன்று இருக்கிறது, அதன்மேல் தேங்காயெண்ணெய் உறைந்து கிடக்கிறது, வெள்ளைக்காரர்கள் அதில் ஏறி வழுக்கி வழுக்கி விழுகிறார்கள்.

மேலே காற்று மெல்லியது, மூச்சுக்குப் போதாது என்றார் துரை. “மேலே காத்து காணாது” என்று தமிழில் வந்தது. “விசிறி கொண்டு போனா என்ன?” என்றாள் அம்மை. இவர் அதையும் இங்கிலீஷாக்கித் துரையிடம் கேட்டார். துரைக்குச் சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

பிறகு துரை தன் இடது கையை வெளிச்சத்தில் நீட்டினார். வேட்டியின்மேல் நிழல் பெரிதாக விழுந்தது. கையில் இரண்டு விரல் இல்லை. இது எப்படி ஆயிற்று என்று அவர் இங்கிலீஷில் சொன்னார். சொல் மாறாத மனிதரான என் வீட்டுக்காரர் அதை அப்படியே சொன்னார்:

“பனி என் விரலைக் கடித்துவிட்டது.”

குளிரில் உறைந்து விரல் செத்துப்போவதற்கு இங்கிலீஷில் அப்படித்தான் பெயர், அது ஊருக்கு எப்படித் தெரியும்? எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“பனிக்குப் பல்லு உண்டுமா சாரே?”

“நாய் மாதிரி கடிக்குமா, பாம்பு மாதிரி கொத்துமா?”

“தேங்காண்ணெ எப்பிடிவே கடிக்கும்?”

கோலப்ப பிள்ளை வைத்தியர் எழுந்தார். கடி என்றால் அது அவருடைய இலாகா. நேராகத் துரையிடம் போனார், கையைப் பிடித்தார், லாந்தர் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“கடிச்ச உடனே வலிச்சுதா?”

இல்லை என்றார் துரை, இவர் வழியாக.

“நிறம்?”

முதலில் வெள்ளை, பிறகு கறுப்பு.

வைத்தியர் முகம் மாறியது. “வலி இல்லாத கடி கெட்ட கடியாக்கும். விஷம் மேலுக்கு ஏறாம கட்டுப் போட்டாவளா? பச்சிலை அரைச்சு வச்சாவளா?”

கேள்வியை வாங்கிக்கொண்ட துரை, மிகவும் மரியாதையாக, அந்த உயரத்தில் ஒரு செடிகூட முளைக்காது என்றார்.

“ஒரு பச்சிலைகூட இல்லியா?” வைத்தியர் துரையின் கையை விட்டுவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். “கேட்டியளா! மருந்தெல்லாம் நம்ம பக்கத்துக்கு வந்துட்டுன்னு நான் சொன்னேனில்லா? அங்க மிச்சம் கெடக்கது கடி மட்டுந்தான்.”

கை தட்டினார்கள். துரையும் சேர்ந்து தட்டினார், எஞ்சிய விரல்களால்.

உட்கார்ந்தவர்

இதுவரை சிரித்துக்கொண்டுதான் எழுதினேன். அன்றைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன், அடுத்த படம் வரும்வரை.

அது விடியற்காலைப் படம். துரையின் குரல் தணிந்தது. கூடாரத்தை விட்டு வெளியே வந்தேன் என்றார். கீழே தேசமெல்லாம் இருட்டில் கிடந்தது. தலைக்கு மேலே உச்சியில் மட்டும் வெயில். மலையின் நிழல் எத்தனையோ ஊர்களைத் தாண்டி விழுந்து கிடந்தது. ஒரு சத்தம் இல்லை.

என் வீட்டுக்காரர் இதைச் சொன்ன தமிழ் இருக்கிறதே, அதை என்னால் எழுதமுடியாது. பூகோள வகுப்பின் குரல் இல்லை அது. சொல்லைத் தேடவே இல்லை, நேற்று தானே அங்கே நின்றதுபோலச் சொன்னார். “அங்கே நின்றபோது எனக்கு யாரும் இல்லை, நானும் இல்லை. சந்தோஷம் மட்டும் இருந்தது.” துரையே பேச்சை நிறுத்தி இவரைத் திரும்பிப் பார்த்தார். மொழி தெரியாவிட்டாலும் அவருக்குப் புரிந்துவிட்டது.

எனக்கும் புரிந்தது. எனக்கு யாரும் இல்லை என்று அவர் வாய் சொல்லிற்று. வயிற்றுக்குள் பிள்ளை புரண்டது. ஆள் போய்விட்டார், இனி உடம்பு போகவேண்டியதுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டேன். என் மனசை நினைத்து எனக்கே பயமாக இருந்தது. அந்த மலையை நான் அவ்வளவு வெறுத்தேன்.

அடுத்த படத்தில் இரண்டு மனிதர்கள், கம்பளியைச் சுற்றிக்கொண்டு. ஒருவர் துரை, மற்றவர் அவருடைய சிநேகிதர். “இறங்கும்போது இவர் கொஞ்சம் ஓய்வெடுக்க உட்கார்ந்தார்” என்று இவர் மொழிபெயர்த்தார். “பிறகு எழும்பவில்லை. தூக்கிக்கொண்டு வர எங்களில் யாருக்கும் தெம்பு இல்லை. விட்டுவிட்டு வந்தோம்.”

விசிறிகள் நின்றன.

“அடக்கம் பண்ணலியா?” என்றது பெண்கள் பக்கத்தில் ஒரு கிழக் குரல்.

இவர் அதைத் துரையிடம் கேட்டார். துரை சொன்னதைச் சொல் சொல்லாகத் திருப்பிச் சொன்னார். “அங்கே தோண்ட மண் கிடையாது. பனியில் எதுவும் கெடாது. அவர் இப்போதும் அங்கேதான் உட்கார்ந்திருப்பார்.”

இதே சங்கதியை இவர் இங்கிலீஷ் பேப்பரில் எத்தனையோ தடவை படித்திருக்கிறார். வீரம், தியாகம் என்று பெரிய பெரிய சொற்களோடு. தமிழில், சொந்த ஊர்க்காரர்கள் முன்னால், ‘உட்கார்ந்தார், எழும்பவில்லை’ என்று சொல்ல நேர்ந்தது அன்றைக்குத்தான் முதல் தடவை. சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அம்மையின் கேள்வி

கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார் பாஸ்டர் ஐயர். அம்மை எழுந்தாள். நான் முந்தானையைப் பிடித்து இழுத்தேன், நிற்கவில்லை.

“துரையே, நான் கேக்கேன்னு நெனைக்காண்டாம். நீங்க மலைக்குப் பொறப்பட்டப்போ உங்க வீட்டம்மா என்ன சொன்னாவ?”

துரையிடம் கேட்டாள். ஆனால் பார்த்தது மருமகனை.

இவர் கேள்வியை இங்கிலீஷில் சொன்னார், ஒரு சொல் பிசகாமல். துரை முகத்திலிருந்து சிரிப்பு போயிற்று. எஞ்சியிருந்த விரல்களால் கோட்டுப் பொத்தானைத் திருகினார். பெண்கள் பக்கத்தில் இங்கிலீஷ் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அவர் சொன்னது எனக்கு நன்றாகக் கேட்டது. போகாதே என்று கெஞ்சினாள், போனேன், நாளைக்குக் கூப்பிட்டாலும் போவேன். அவ்வளவுதான். என் வகுப்புப் பிள்ளைகள்கூட மொழிபெயர்த்துவிடும்.

இவர் மொழிபெயர்க்கவில்லை. லாந்தர் ‘உஸ்’ என்று இரைந்துகொண்டிருந்தது. லாந்தர்க்காரன்கூட அவரை நிமிர்ந்து பார்த்தான். இவர் என்னைப் பார்க்கவில்லை, அம்மையையும் பார்க்கவில்லை. வேட்டியில் தெரிந்த மலையை ஒரு தடவை நன்றாகப் பார்த்தார். பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

“போகாதே என்று சொன்னாள். கேட்டிருக்கலாம் என்கிறார் துரை.”

பெண்கள் பக்கம் முழுவதும் ஒரே பெருமூச்சு. “பாத்தியா, இப்பமாவது புத்தி வந்துதே” என்று அம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தன் வைராக்கியத்தைக் கேட்டுத்தான் கூட்டம் உருகுகிறது என்று நினைத்த துரை, நெஞ்சில் கைவைத்து அம்மைக்கு ஒரு வணக்கம் சொன்னார். அம்மையும் மன்னித்தேன் என்பதுபோலத் தலையசைத்தாள். ஐயருக்கும் இங்கிலீஷ் தெரியும். அவர் பலமாக ஒரு தடவை செருமினார். உடனே, “எல்லாரும் கண்ணை மூடுங்க, ஜெபம் பண்ணுவோம்” என்றார்.

நான் கண்ணை மூடவில்லை. ஜெபம் நடக்கும்போதே துரை குனிந்து இவரிடம், வருகிறீரா என்பதுபோல, ஏதோ கேட்டார். இவர் இல்லை என்று தலையசைத்தார். துரை நம்பாதவர்போல மறுபடி கேட்டார். மறுபடியும் அதே தலையசைப்பு. துரை அவருடைய தோளில் கையை வைத்தார்.

வீட்டுக்கு வயல்வழியாக நடந்தோம். அம்மையும் வைத்தியரும் கொளுத்திய ஓலைச் சூட்டு வெளிச்சத்தோடு முன்னால் போனார்கள். பனிக்கு எத்தனை பல் இருக்கும் என்று அவர்களுக்குள் வாக்குவாதம். வரப்பில் நான் விழுந்துவிடக்கூடாதென்று இவர் என் கையைப் பிடித்திருந்தார். இந்த மனிதரிடம் நான் போகாதே என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை, இவருக்கு அது எப்படிக் கேட்டது என்று இருந்தது எனக்கு. ஆனால் நான் கேட்டது வேறு.

“அத்தான், துரை அப்பிடியா சொன்னாரு?”

மருந்துவாழ்மலை இருட்டில் ஒரு மேடாகத் தெரிந்தது. அந்தப் பக்கம் அவர் திரும்பவில்லை. வரப்பில் என் கால் வைக்க இடம் பார்த்துக்கொடுத்துவிட்டுச் சொன்னார்:

“தமிழ்ல அப்பிடித்தான் எஸ்தர் வரும்.”